தங்கச்சிக்கு ஊட்டி காலேஜா, கோயம்புத்தூர் டிப்ளமோவா? ஸ்காலர்ஷிப் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கொலக்கம்பை_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குன்னூருக்கு மேல கொலக்கம்பை பக்கம் ஒரு எஸ்டேட். இப்போ திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் பார்க்கிறேன். என் தங்கச்சி இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. காமர்ஸ் குரூப், தமிழ் மீடியம், 600-க்கு 518. ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளிதான்.

வீட்டு நிலவரம் சொல்லிடறேன், அப்பத்தான் உங்களால பதில் சொல்ல முடியும். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறாங்க, பெர்மனன்ட் லேபர். அப்பாவுக்கு முதுகுல ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் வேலைக்குப் போக முடியல. எஸ்டேட் தொழிலாளிகளுக்கு வரிசையா கட்டின லைன் வீட்டுலதான் இருக்கோம். தாத்தா காலத்துல சிலோன்ல இருந்து வந்த குடும்பம். ஆதிதிராவிடர், சாதிச் சான்று கார்டு இருக்கு.

இப்போ முன்னாடி ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஊட்டி அரசு கலைக் கல்லூரியில பி.காம். ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டாச்சு, ரேங்க் லிஸ்ட் வரணும். இன்னொண்ணு, கோயம்புத்தூர்ல ஒரு சமுதாயக் கல்லூரியில ஒரு வருஷ டிப்ளமோ, ஆஸ்பத்திரி நிர்வாகம்னு சொல்றாங்க. அவங்க ஆள் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை லைனுக்கே வந்து வீடு வீடா நோட்டீஸ் கொடுத்திருக்கார். நூறு சதவீதம் ஸ்காலர்ஷிப், அதுபோக அரசாங்கத்தோட மாசம் 1,000 ரூபாய், முடிச்சதும் ஆஸ்பத்திரியில வேலைன்னு சொல்லியிருக்கார். சீட் உறுதி ஆகணும்னா 5,000 ரூபாய் அட்வான்ஸும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் இந்த வாரத்துக்குள்ள கொடுக்கணுமாம். அம்மா சீட்டு எடுத்துக் கட்டிடலாம்னு நிக்கிறாங்க. ஒரு வருஷத்துல கையில சம்பளம் வரும்ங்கிறதுதான் அவங்க கணக்கு. அதுவும் தப்புன்னு சொல்ல மாட்டேன். அப்பா மருந்துச் செலவு அப்படி.

என் பயம் வேற. நானும் ப்ளஸ் டூவுல நல்ல மார்க்தான் எடுத்தேன். மேல படிச்சா பணம் கிடைக்கும்னு சொல்ல லைன்ல ஒரு ஆள் இல்ல. பஸ் ஏறித் திருப்பூர் வந்துட்டேன். அவளுக்கு அப்படி ஆகக் கூடாது.

கேள்வி இதுதான். அரசு கல்லூரியில சேர்ந்தா உண்மையில எவ்வளவு பணம், எந்தெந்த வழியில வரும்? டிப்ளமோவுக்கும் அந்த 1,000 ரூபாய் வருமா? எங்க வீட்டுல இருந்து ஊட்டி போகணும்னா குன்னூர்ல பஸ் மாறணும். காலையில இருட்டோட கிளம்பி இருட்டோட திரும்பணும். அதுக்கு ஏதாவது வழி இருக்கா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா எழுதுங்க.

அருவங்காடு_குமார்:

ஊட்டிதான் சிஸ்டர், யோசிக்கவே வேண்டாம். என் மச்சினி அங்கதான் பி.காம் முடிச்சா. அரசுக் கல்லூரியில இளநிலைக்கு டியூஷன் ஃபீஸே கிடையாது. மத்த கட்டணமும் தனியார்ல ஒரு செமஸ்டருக்கு வாங்கறதுல ஒரு துளிதான். பஸ்ஸுக்கு, இப்போ மலையிலயும் பெண்களுக்கு சாதாரண பஸ்ல டிக்கெட் இல்ல. 2024-ல நம்ம மாவட்டத்துக்கும் கொண்டுவந்துட்டாங்க. அட்வான்ஸ் மட்டும் கட்டாதீங்க.

ஸ்டோன்ஹவுஸ்_பென்ஷனர்:

அன்புள்ள மகளுக்கு, ஓர் அரசுக் கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. ஓய்வு பெற்ற பிறகும் சேர்க்கைக் காலத்தில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து காகிதங்களைக் காட்டிக் கேட்பார்கள். எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவுக்குப் போன் போட்டு அந்த 5,000 ரூபாயை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரிஜினல் மதிப்பெண் சான்றிதழை எவர் கையிலும் கொடுக்கக் கூடாது. கல்லூரிகள் மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். லைனுக்கு வந்து அசலை வாங்கிக்கொண்டு போகிறவரிடம் மாட்டிய சான்றிதழை மீட்க, அலைந்து திரிந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் அரசுக் கல்லூரிக் கலந்தாய்வு முடிந்துவிடும்.

இப்போது பணக் கணக்கு. உங்கள் தங்கைக்கு மிக உறுதியாக வரக்கூடியது புதுமைப் பெண் திட்டம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்வி சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். வருமான வரம்பு இல்லை, சாதி வரம்பு இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் படித்தாலும் இருவருக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். பி.காம் மூன்று ஆண்டுக்குக் கூட்டினால் 36,000 ரூபாய்.

நோட்டீஸ்காரர் சொன்ன அரசாங்கத்தின் 1,000 ரூபாய் இந்தப் பணம்தான். பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எல்லாவற்றுக்கும் இது உண்டு என்பது உண்மை. ஆனால் அஞ்சல்வழி, தொலைதூரக் கல்வியில் படித்தால் கிடையாது. அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் படித்தாலும் கிடையாது. சமுதாயக் கல்லூரி என்ற பலகை மாட்டிய இடங்களில் சான்றிதழை யார் தருகிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் ஒரு பல்கலைக்கழகம் தரும், சில இடங்களில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும், சில இடங்களில் ஏதோ ஒரு டிரஸ்ட் தானே அச்சடித்துக் கொடுக்கும். எனவே அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: உங்கள் கல்லூரி யூமிஸ் தளத்தில் இருக்கிறதா? பள்ளியில் எமிஸ் எண் இருந்ததே, அதுபோலத் தமிழ்நாட்டில் உயர்கல்விக்கு யூமிஸ். அதில் இல்லாத நிறுவனத்திலிருந்து உங்கள் தங்கையின் பெயர் உதவித்தொகைக்குப் போக வழியே இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். புதுமைப் பெண் பணம் முதன்முதலாகச் சேரும் உயர்கல்விக்குத்தான். ஒரு வருட டிப்ளமோவில் சேர்ந்து, பிறகு டிகிரி பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்த வாய்ப்பு சின்னப் படிப்பிலேயே தீர்ந்துவிடும்.

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாட்டையே நான் குறை சொல்லவில்லை. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியதிலிருந்து இந்த நாட்டில் அது எத்தனையோ பேருக்குக் கைத்தொழில் கொடுத்திருக்கிறது. படிப்பை இடையில் விட்டவர்களுக்காக வந்த ஏற்பாடு அது. 518 மதிப்பெண் எடுத்த பிள்ளையை, அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் நேரத்தில், அங்கே இழுத்துக்கொண்டு போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக வருவது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அம்மா ஒருவர் சம்பளம் மட்டும் என்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. இதைப் படிக்கும் மற்ற எஸ்டேட் வீட்டாருக்குச் சொல்கிறேன்: அப்பா, அம்மா இருவருமே பெர்மனன்ட் என்றால் போனஸையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு வருமானச் சான்று போடுங்கள். வரம்பை ஒட்டித்தான் வரும். இந்தத் திட்டத்தில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டாயக் கட்டணம் தவிர, பி.காம் போன்ற பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 3,000 ரூபாயும் விடுதியில் இருப்பவர்களுக்கு 6,000 ரூபாயும் படிப்புப்படி உண்டு. விண்ணப்பம் யூமிஸ் மூலமாகத்தான். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். முதல் ஆண்டு வாங்கிவிட்டு இரண்டாம் ஆண்டு தானாக வரும் என்று உட்கார்ந்துவிடுகிற பிள்ளைகள் நிறைய.

மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்திலும் ஒன்று இருக்கிறது. ப்ளஸ் டூவில் 80-ஆவது பெர்சன்டைலுக்கு மேல் (அதாவது எழுதியவர்களில் 80 சதவீதம் பேரைவிட அதிக மதிப்பெண்) இருந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். 518-க்கு முயன்று பார்க்கலாம். ஆனால் அது போட்டியில் வருவது. வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதற்கு இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பு ஆசிரியரிடம், எதை வைத்துக்கொள்வது லாபம் என்று உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அம்மாவின் வேலை வழியாகவும் இரண்டு இடம் இருக்கிறது. குன்னூரில் உள்ள தேயிலை வாரிய அலுவலகம் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது. தொழிலாளர் நல வாரியமும் தருகிறது. சம்பளச் சீட்டில் வருடத்துக்கு ஒருமுறை நல நிதி என்று ஒரு சின்னத் தொகை பிடித்திருப்பார்கள், பாருங்கள். இரண்டுக்கும் எஸ்டேட் ஆபீஸ் கையெழுத்து தேவைப்படும். கேட்டால்தான் தருவார்கள், தாங்களாகக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். அம்மா கூச்சப்படாமல் போய்க் கேட்கட்டும். நல வாரியத்துக்குப் போனது அவர் சம்பளத்தில் பிடித்த பணம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பணம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் பயனில்லை. பணம் நிற்கிற இடம் வங்கிக் கணக்குதான். பாஸ்புக்கில் ஆதார் எண்ணைச் சேர்த்துவிட்டோம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது வேறு. அரசுப் பணம் ஆதார் எண்ணைப் பார்த்துத்தான் வரும். வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ என்ற அமைப்பின் பதிவில், அந்த ஆதாருக்கு நேராக எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் போய் விழும். எமரால்டு பக்கத்துப் பெண் ஒருத்தி மாதக்கணக்காகப் பணம் வரவில்லை என்று என் மேசை முன் நின்று அழுதாள். கையில் புதுப் பாஸ்புக். கணினியில் பார்த்தால் எல்லாத் தவணையும் செலுத்தப்பட்டது என்று காட்டுகிறது. அவள் பள்ளியில் படித்தபோது ஆசிரியர் திறந்து கொடுத்த பழைய கணக்கு ஒன்று இருந்திருக்கிறது. அந்தப் புத்தகம் தொலைந்து, கணக்கையே வீட்டில் மறந்துவிட்டார்கள். ஆதார் அதில் இருந்தது. அத்தனை பணமும் அங்கே சேர்ந்து கிடந்தது. அப்பா அந்த மாதம் கந்துவட்டிக்கு வாங்கித்தான் பஸ் செலவுக்குக் கொடுத்திருக்கிறார். இதை என்னால் மறக்க முடியாது.

ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பகுதி உண்டு. தங்கையின் எண்ணைப் போட்டால் எந்த வங்கி என்று வரும். கல்லூரி திறப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பெருமாள்மலை_ரோஸ்:

கொடைக்கானல்ல இருந்து எழுதறேன். நான் சமுதாயக் கல்லூரியில படிச்சவ, அதனால ரெண்டு வார்த்தை.

பத்தாவதுல கணக்குல போயிடுச்சு. வீட்டுல காய்கறித் தோட்டத்துல கூலி வேலைதான். கீழ திண்டுக்கல் பக்கம் சிஸ்டர்ஸ் நடத்தின இடத்துல ஒரு வருஷம் ஹெல்த் அசிஸ்டென்ட் படிச்சேன். ஃபீஸை மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டச் சொன்னாங்க. பி.பி. பார்க்கறது, டிரெஸ்ஸிங், படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் புரட்டிப் படுக்க வைக்கறது எல்லாம் ஆஸ்பத்திரியிலயே நிக்க வெச்சு சொல்லிக் கொடுத்தாங்க. நாலு பேர் முன்னாடி பேசறதுக்குக்கூடத் தனியா கிளாஸ் இருந்துச்சு. இப்போ வத்தலக்குண்டுல ஒரு ஆஸ்பத்திரியில வேலை. அந்தப் படிப்பு இல்லன்னா இன்னிக்கும் கேரட் கழுவிக்கிட்டு இருப்பேன். அதை எங்கயும் மரியாதையோட சொல்வேன்.

ஆனா அக்கா, அரசாங்க ஸ்காலர்ஷிப்னு ஒரு பைசா எங்களுக்கு வந்ததில்ல. சிஸ்டர்ஸும் வரும்னு சொல்லி ஏமாத்தல. ஃபீஸ் இவ்வளவு, எங்களால இவ்வளவு குறைக்க முடியும்னு நேரா சொன்னாங்க. நல்ல இடம்னா அப்படித்தான் பேசுவாங்க. வீட்டு வாசலுக்கு வந்து நூறு சதவீதம்னு யாராவது சொன்னா, இந்த வருஷம் உங்ககிட்ட படிச்சு முடிச்ச பொண்ணு ஒருத்தி நம்பர் கொடுங்கன்னு கேளுங்க. கூடவே, படிக்கிறப்ப எந்த ஆஸ்பத்திரியில டிரெய்னிங்னும் கேளுங்க. அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்.

ஆஸ்பத்திரியில ஆபீஸ் வேலைக்கு எடுக்கறப்ப இப்போ டிகிரி கேக்கறாங்க. பில்லிங்ல உக்காந்திருக்கற பொண்ணுங்க எல்லாம் பி.காம்தான். அதே வேலைக்குத்தான் போகப் போறான்னா பி.காம் முடிச்சுட்டே போகட்டும். உங்க தங்கச்சி நல்லா வருவா அக்கா.

கொலக்கம்பை_அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா எழுதினதை அம்மாவுக்குப் போன்ல முழுசா படிச்சுக் காட்டினேன். பணம் கட்டல. நோட்டீஸ்ல இருந்த நம்பருக்கு நானே கூப்பிட்டு யூமிஸ் பத்திக் கேட்டேன். அதெல்லாம் அட்மிஷன் முடிஞ்சப்புறம் வரும், முதல்ல அட்வான்ஸ் கட்டுங்கன்னார். சர்டிபிகேட் எந்தப் பல்கலைக்கழகம் தருதுன்னு கேட்டதும் மேடம் கிட்ட கேட்டுச் சொல்றேன்னு வெச்சுட்டார். ரோஸ் அக்கா சொன்னபடி படிச்சு முடிச்ச பொண்ணு நம்பர் கேட்டேன், அதுவும் வரல.

இப்போ எங்க வீட்டுச் சிக்கலைச் சொல்றேன். ஐயா சொன்ன மாதிரி ஆதார் தளத்துல பார்க்கப் போனா ஓ.டி.பி. அப்பாவோட பழைய நம்பருக்குப் போகுது. அந்த சிம் செத்துப் பல காலம் ஆச்சு. ஆதார்ல அவ பேர் இனிஷியல் பின்னாடி இருக்கு, மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி. பாஸ்புக்ல இனிஷியலே இல்ல. இது பிரச்சினையா?

அப்புறம் ஹாஸ்டல். தினமும் போய் வந்தா அப்பாவைப் பார்த்துக்குவா, அம்மாவுக்கு உதவி. ஆனா மழைக் காலத்துல எங்க ரோட்டுல மரம் விழுந்தா அன்னிக்கு பஸ்ஸே வராது. டிசம்பர், ஜனவரி உறைபனியில காலையில முதல் பஸ்ஸுக்கு நடந்து வரணும். வழியில காட்டெருமை நிக்கும். அம்மா பொண்ணைத் தனியா ஹாஸ்டல்ல விடப் பயப்படறாங்க. எனக்கு ரோட்டுல விடறதுதான் பயமா இருக்கு.

ஸ்டோன்ஹவுஸ்_பென்ஷனர்:

முதலில் ஆதார் போன் எண். பழைய சிம் செத்துவிட்டதால், தங்கை நேரில் போய்க் கைரேகை வைத்து மாற்றுவதுதான் உறுதியான வழி. தலைமைத் தபால் நிலையத்தில் ஆதார் பிரிவு உண்டு. காலையில் கூட்டமில்லாத நேரம் போகட்டும். எண் தங்கையின் கையில் இருக்கிற சிம்மாகவே இருக்கட்டும், உங்கள் திருப்பூர் எண் வேண்டாம். கல்லூரியில் உட்கார்ந்து விண்ணப்பம் போடும்போது ஓ.டி.பி.க்காக உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் கம்பெனியில் போன் எடுக்க முடியாத நேரமாக இருக்கும்.

இனிஷியல் முன்னால், பின்னால் இருப்பது பல நேரம் கடந்து போய்விடும், சில நேரம் அங்கேயே நிற்கும். நிற்கிற பிள்ளையாக நம் பிள்ளை இருக்க வேண்டாம். மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதையே மூலமாக வைத்து ஆதாரை மாற்றுங்கள். போன் எண் மாற்றப் போகும் அன்றே இதையும் செய்துவிடலாம். பிறகு ஆதாரில் இருப்பதுபோல வங்கிக் கணக்கு. புதுக் கணக்கு திறப்பதாக இருந்தால் தபால்காரர் மூலமாகவே அஞ்சல் வங்கிக் கணக்கு திறக்கலாம். கைரேகை வைத்தால் போதும், குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியதில்லை. திறக்கும்போதே, அரசு உதவித்தொகை வர ஆதாரை இந்தக் கணக்கோடு இணைத்துக் கொடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வருமானச் சான்று இப்போதே போட்டுவிடுங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று படி ஏறி வரும். சேர்க்கை நேரத்தில் எல்லோரும் ஒரே நாளில் போட்டால் தாமதமாகும். எஸ்டேட் சம்பளச் சீட்டு கூடவே இருக்கட்டும்.

விடுதிக்கு வருகிறேன். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பார்த்தவரை கொலக்கம்பை, மஞ்சூர், கீழ்க்கோத்தகிரி பக்கத்திலிருந்து தினம் வந்து போன பிள்ளைகளில் பலர் முதல் ஆண்டு மழையில்தான் படிப்பை விட்டார்கள். புத்தி குறைவால் இல்லை. வருகைப் பதிவு குறைந்துவிடும், தேர்வு எழுத விட மாட்டார்கள், அப்படியே நின்றுவிடுவார்கள். அரசு விடுதியில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். 2025-ல் இவற்றுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள், பலகையில் அப்படித்தான் இருக்கும். வாரக் கடைசியில் வீட்டுக்கு வரலாம். சேர்ப்பதற்கு முன் அம்மாவையே ஒருநாள் ஊட்டிக்கு அழைத்துவந்து விடுதியையும் காப்பாளரையும் பார்க்க வையுங்கள். நேரில் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அப்பாவைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்கு நான் வெளியிலிருந்து பதில் சொல்ல முடியாது. அதை நீங்கள் மூவரும் பேசுங்கள். தங்கையையும் பேச விடுங்கள்.

பந்தலூர்_தம்பி:

ஐயா எழுதினதோட எங்க பக்கத்து நிலைமையையும் சேர்த்துடறேன். இதைக் கூடலூர், பந்தலூர் ஆளுங்களும் படிப்பாங்க. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகளைக் கல்லூரி, ஐடிஐயில சேர்க்கற வேலைக்கு நாங்க சில பேர் கூட அலையறோம்.

எஸ்டி சான்றிதழ் தாசில்தார் கொடுக்கறது இல்ல, கோட்டாட்சியர் கொடுக்கணும். எங்களுக்குக் கூடலூர்தான். அப்பா, அம்மா கிட்ட பழைய சான்று இல்லாத வீடுகள்ல விசாரணை முடியவே நாளாகும். அதனால பிள்ளை பத்தாவது படிக்கறப்பவே போட்டுடணும். ரிசல்ட் வந்தப்புறம் ஓடினா சேர்க்கை முடிஞ்சிடும். போஸ்ட் மெட்ரிக் எஸ்டிக்கும் அதே 2.5 லட்சம் வரம்புதான், எங்க பிள்ளைங்க யாருக்கும் அது தடையா வந்ததில்ல. தடை சான்றிதழும் கணக்கும்தான்.

பையன்களை எல்லாரும் மறந்துடறாங்க. 2024 ஆகஸ்ட்ல தமிழ்ப் புதல்வன் வந்துச்சு, அவங்களுக்கும் அதே 1,000 ரூபாய். அரசு ஐடிஐயில பயிற்சிக் கட்டணம் இல்ல, மாசம் 750 ரூபாய் உதவித்தொகை தனியா. ரெண்டும் சேர்ந்தா 1,750. எங்க பக்கத்துல ஒரு பையன் எலக்ட்ரீஷியன் எடுத்துட்டு, அந்தப் பணத்துல வீட்டுக்கு அரிசியும் வாங்கிப் போட்டுப் படிச்சு முடிச்சான். மிளகு பறிக்கப் போயிட்டிருந்தவன். பாலிடெக்னிக் போற பொண்ணுங்களுக்குத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ-யோட பிரகதி உதவித்தொகை இருக்கு, வருஷத்துக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள. அது போட்டிதான், ஆனா விண்ணப்பமே போடாம விடறவங்கதான் அதிகம். முதல் வருஷமே போடணும். ரெண்டாவது வருஷம் ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்ல, நேரா ரெண்டாம் வருஷம் சேர்றவங்களுக்கு மட்டும் அப்போ போடலாம்.

கொலக்கம்பை அக்கா, ப்ளஸ் டூ முடிச்சு எங்கயும் சேராத பிள்ளைங்களுக்காக உயர்வுக்குப் படின்னு முகாம் நடத்துவாங்க. உங்க லைன்ல வேற பிள்ளைங்களும் அந்த நோட்டீஸை வாங்கியிருப்பாங்க இல்ல? அவங்களை அங்க அனுப்புங்க. கல்லூரி ஆளுங்க, வங்கி ஆளுங்க எல்லாரும் ஒரே இடத்துல உக்காந்திருப்பாங்க.

கொலக்கம்பை_அக்கா:

தம்பி, கரெக்டா கேட்டீங்க. லைன்ல இன்னும் சில வீட்டுல நோட்டீஸ் கிடக்கு. ஒரு வீட்டுல மட்டும் பணம் கட்டிட்டாங்க, ஆனா ஒரிஜினல் இன்னும் கொடுக்கல. அவங்களுக்கும் ஐயா எழுதினதை வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன்.

தங்கச்சி கிட்ட பேசினேன். ஹாஸ்டல் போறேன்னு அவளே சொல்றா. அப்பாவும் போகட்டும்னு சொல்லிட்டார். அம்மா இன்னும் சரின்னு சொல்லல, ஆனா ஊட்டி வந்து பார்க்கறேன்னு ஒத்துக்கிட்டாங்க. நான் லீவு போட்டு வரேன். முதல்ல குன்னூர்ல ஆதார் வேலை, அப்படியே வருமானச் சான்று. ஐயா, கவுன்சலிங் அன்னிக்கு என்னென்ன கொண்டு போகணும்? ஹாஸ்டலுக்கு அன்னிக்கே கேட்கலாமா?

ஸ்டோன்ஹவுஸ்_பென்ஷனர்:

கேட்கலாம், கேட்டுவிடுங்கள். சேர்க்கை முடிந்ததும் அலுவலகத்தில் படிப்புச் சான்று வாங்குங்கள். விடுதி விண்ணப்பத்துக்கும் தேயிலை வாரியத்துக்கும் அது வேண்டும், எனவே ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாவது, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், புகைப்படம் எல்லாம் அசலும் நகலும் தனித்தனி உறையில் இருக்கட்டும். மாற்றுச் சான்றிதழைக் கல்லூரி வாங்கிக்கொள்ளும், அது வழக்கம்தான். கொடுக்கும் முன் நாலைந்து நகல் எடுத்துவிடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கு எமிஸ் எண்ணே போதும். அந்த எண் தெரியாவிட்டால் கலந்தாய்வுக்கு முன்பே பள்ளிக்குப் போன் செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டிவிட்ட அந்த வீட்டாரிடம் ரசீது இருக்கிறதா என்று கேட்டு இங்கே எழுதுங்கள். திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும், நான் வாசகம் தருகிறேன்.

கொலக்கம்பை_அக்கா:

ரசீது இருக்காம் ஐயா. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன், வந்ததும் விவரத்தை இங்க எழுதறேன்.